347 ரூபாய் 12 அணா

வ.உ.சிதம்பரம் பிள்ளைன்னு சொன்னதும் நம்ம கண்ணு முன்னாடி ரெண்டு விஷயம் வரும். ஒண்ணு கப்பல், இன்னொண்ணு செக்கு. ரெண்டுக்கும் சேர்த்து சிவாஜி கணேசனோட முகம். 1961-ல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படம் அப்படி மனசுல ஒட்டிக்கிட்டது. ஸ்கூல்ல நாம எழுதின விடையும் கிட்டத்தட்ட அதேதான். ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார், கப்பல் விட்டார், செக்கிழுத்தார், மறைந்தார். முழு மார்க்.

ஆனா ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. அவர் ஜெயில்ல இருந்து வெளியே வந்தது 1912 டிசம்பர் 24. இறந்தது 1936 நவம்பர் 18. நடுவில் கிட்டத்தட்ட 24 வருஷம். இதைப் படிக்கிற நம்மில் பலருக்கு இன்னும் அவ்வளவு வயசே ஆகலை. அந்த 24 வருஷமும் அந்த மனுஷன் என்ன செய்தார்? கம்பெனி போச்சு, வக்கீல் தொழில் செய்யும் உரிமம் போச்சு, சொத்தும் போச்சு. மனைவி, பிள்ளைகளோட வீட்டு வாடகையை எப்படிக் கொடுத்தார்?

இதுக்குப் பதில் சினிமாவில் கிடையாது. அவர் எழுதின, அவருக்கு வந்த கடிதங்களில் இருக்கு. அந்தக் கடிதங்கள் காட்டுகிற வ.உ.சி. கொஞ்சம் வேற ஆள். வீரம் குறைஞ்சவர் இல்லை. கணக்கு எழுதி வைத்துக்கொண்டு வாழ்ந்த ஒரு குடும்பஸ்தர்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி பக்கத்திலேயே இருக்கும் ஊர். அப்பா உலகநாத பிள்ளை ஊரறிந்த வக்கீல். அம்மா பரமாயி அம்மாள். பையன் படிப்பை முடித்து, தாலுகா ஆபீசில் கொஞ்ச காலம் குமாஸ்தா வேலை பார்த்து, பிறகு திருச்சிக்குப் போய்ச் சட்டம் படித்தார். 1894-ல் தேர்வில் தேறி, 1895-ல் சொந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார்.

லண்டனுக்குப் போய் பாரிஸ்டர் பட்டம் வாங்கி வந்தவர் இல்லை அவர். இரண்டாம் நிலை பிளீடர். கீழ்க் கோர்ட்டுகளில் வாதாடுவதற்கான சன்னது மட்டும் கையில் இருந்தது. அப்பா பெரும்பாலும் சிவில் கேஸ் பார்ப்பார், மகன் கிரிமினல் கேஸ். ஏழைகளிடம் பணம் வாங்காமல் வாதாடி, போலீஸ் போட்ட கேஸ்களை வரிசையாக உடைத்தார். போலீசுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? உள்ளூர் அதிகாரிகளோடு மகன் மோதிக்கொண்டே இருப்பதைப் பார்த்த அப்பா, 1900-ல் அவரைத் தூத்துக்குடிக்குப் போய்த் தொழில் செய்யச் சொன்னார். வம்பு குறையும் என்று அனுப்பிய ஊரில்தான் பெரிய வம்பு காத்திருந்தது.

முதல் மனைவி வள்ளியம்மை பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். கண் தெரியாத ராமையா தேசிகர் என்ற துறவியை வ.உ.சி. தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டார். சாதி பார்க்கிற ஊர் அல்லவா, சும்மா விடவில்லை. வள்ளியம்மையோ தயங்காமல் அவருக்குத் தன் கையாலேயே பரிமாறினார். 1901-ல் அவர் காலமானது வ.உ.சி.க்குப் பெரிய அடி. அதன்பின் மீனாட்சி அம்மாளை மணந்தார். கப்பல், சிறை, கடன் என்று இனி வரப்போகிற அத்தனையையும் கூடவே இருந்து தாங்கியவர் இந்த மீனாட்சி அம்மாள்.

ஒரு பங்கு 25 ரூபாய்

இன்றைக்கு கொழும்பு போகணும்னா மீனம்பாக்கத்தில் ஃபிளைட் ஏறுவோம். 1914-ல் தனுஷ்கோடி வழி திறக்கும் வரை, சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி போய் அங்கே கப்பல் ஏறினார்கள். நம்ம தாம்பரம் வழியா ஓடுற அதே தெற்கு ரயில் பாதைதான். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகள், செட்டியார்கள், வியாபாரிகள், மூட்டை மூட்டையாகச் சரக்கு எல்லாம் அந்த ஒரு துறைமுகத்தைத்தான் நம்பியிருந்தன. கப்பல் மட்டும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது. அவன் வைத்ததுதான் கட்டணம்.

இந்த இடத்தில்தான் வ.உ.சி. கை வைத்தார். முதலில் பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கொடுத்த நெருக்கடியில் அது கைவிட்டுப் போனது. வாடகைக் கப்பலை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்வார்கள், சொந்தக் கப்பல் வேண்டும் என்று புரிந்தது. 1906 அக்டோபர் 16-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர், உதவிச் செயலாளர் வ.உ.சி. பெயருக்குத்தான் உதவி. ஓடி ஓடிப் பங்கு விற்றது முழுக்க அவர்தான். இன்றைய பாஷையில் சொன்னா கிரவுட் ஃபண்டிங்.

கப்பல் வாங்கும் வேலையாக அவர் பம்பாய் கிளம்பியபோது மூத்த மகன் உலகநாதனுக்கு உடம்பு சரியில்லை. மனைவி கர்ப்பிணி. வீட்டில் தடுத்தார்கள். வந்தால் கப்பலோடு வருவேன், இல்லாவிட்டால் கடலில் விழுந்து உயிரை விடுவேன் என்று சபதம் செய்துவிட்டுப் போனார். இதைப் பாடப்புத்தகத்தில் வீரமாகப் படிப்போம். வீட்டுக்குள் இருந்து பார்த்தால், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையோடு தனியாக நின்ற ஒரு கர்ப்பிணியும் அந்தக் காட்சியில் இருக்கிறார்.

1907-ல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பேர் போகலாம். போட்டி சூடு பிடித்தது. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. கடைசியில் அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்தார்கள். பெரிய கம்பெனி நஷ்டத்துக்கு விற்றுச் சின்னக் கம்பெனியை நசுக்குவது ஆப் யுகத்தில் கண்டுபிடித்த வித்தை இல்லை. தூத்துக்குடியில் நூறு வருஷத்துக்கு முன்னாடியே அரங்கேறியாச்சு.

நாற்பது வருஷம் என்று ஒரு தீர்ப்பு

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அரசாங்கத்துக்குக் கப்பலைவிட இது அதிகமாக உறுத்தியது. மார்ச் 12-ல் இருவரையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள்.

ஜூலை 7-ல் நீதிபதி பினே தீர்ப்புச் சொன்னார். ராஜத் துரோகமாகப் பேசியதற்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு 20 ஆண்டு. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக. வ.உ.சி.க்கு அப்போது வயது 35. அந்தத் தீர்ப்பைக் கேட்டு அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்தது. அது கடைசிவரை தெளியவே இல்லை. உயர் நீதிமன்றம் பிறகு தண்டனையை ஆறு ஆண்டாகக் குறைத்தது. தம்பிக்கு விழுந்த தண்டனையைக் குறைக்க எந்தக் கோர்ட்டும் இல்லை.

முதலில் கோயம்புத்தூர் சிறை, 1910 டிசம்பருக்குப் பிறகு கண்ணூர். கோவையில்தான் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் பூட்டினார்கள். கல் உடைக்க வைத்தார்கள். வெயிலில் உடம்பு நொந்தது. ஆனாலும் வக்கீல் உள்ளே போனால் சிறையும் ஒரு கோர்ட்தான். சக கைதிகளுக்கு மனு எழுதிக் கொடுத்தார். அவரைக் கண்டதும் கைதிகள் கும்பிடுவதைப் பார்த்து ஜெயிலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குடும்பம் தெற்கே ஒரு மூலையில், அவர் மேற்கே ஒரு மூலையில். நடுவில் காகிதம் மட்டும்தான் பாலம். சிறையில் அவர் பாடிய செய்யுள்களில் உறவினர்களையும் நண்பர்களையும் விளித்துப் பாடியவை நிறைய உண்டு. பின்னாடி 'பாடற்றிரட்டு' என்ற புத்தகத்தில் அவை சேர்ந்தன. வெண்பாவில் நலம் விசாரிக்கிற அப்பா! ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் புத்தகத்தை 'மனம் போல் வாழ்வு' என்று மொழிபெயர்த்ததும் சிறையில்தான். மனசு எப்படியோ வாழ்க்கை அப்படி என்று சொல்கிற புத்தகம். பகலில் செக்கு, மற்ற நேரத்தில் அந்த வேலை.

வெளியே இருந்தவர்களில் ஒருவர் இங்கே முக்கியம். பரலி சு. நெல்லையப்பர். வ.உ.சி.யைவிட வயதில் ரொம்பச் சின்னவர். தம்பி போல ஒட்டிக்கொண்டவர். சிறையில் இருந்தவருக்கு உதவியாகக் கோயம்புத்தூரிலேயே போய்த் தங்கினார். பாரதியாருக்கும் அவர் தம்பிதான். நம்ம ஏரியாக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கலாம், இந்த நெல்லையப்பர் பிற்காலத்தில் குடியிருந்தது குரோம்பேட்டையில். பஸ்ஸில் தினமும் கடந்து போகிறோமே பாரதிபுரம், அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிறவர் அவர்தான்.

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஒரு கடிதம்

நாலரை வருஷத்துக்குப் பிறகு கண்ணூர்ச் சிறைக் கதவு திறந்தது. உள்ளே போனபோது ஊரே கொந்தளித்தது. வெளியே வந்தபோது கூட்டமில்லை. காத்திருந்த சில பேரில் சிவா ஒருவர். தொழுநோய் அவர் உடம்பைத் தின்னத் தொடங்கியிருந்தது. கப்பல் கம்பெனி 1911-லேயே கலைந்துவிட்டது. தண்டனை பெற்றவர் என்பதால் சன்னது பறிபோனது. சொந்த மாவட்டத்துக்குத் திரும்ப முடியாத நிலை. மனைவி, பிள்ளைகளோடு சென்னைக்கு வந்தார்.

சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று வீடு மாறிக்கொண்டே இருந்தார். கடை வைத்தார். மண்ணெண்ணெய், நெய் விற்றார். ஒன்றும் நிலைக்கவில்லை. கப்பல் கம்பெனி நடத்தியவருக்குச் சில்லறை வியாபாரம் வரவில்லை என்பது கேட்க வேடிக்கையாக இருக்கலாம். அரிசி வாங்கணுமே என்று நிற்கிறவருக்கு அது வேடிக்கை இல்லை. அந்த நாட்களில் அவர் குடும்பத்துக்குக் கைகொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள். அங்கே கூலிக்கும் வியாபாரத்துக்கும் போனவர்கள், நேரில் பார்க்காத ஒரு மனுஷனுக்காகக் காசு சேர்த்து அனுப்பினார்கள்.

அந்தக் காசில் ஒரு பகுதி காந்தி வழியாக வரவேண்டியிருந்தது.

1915 ஏப்ரலில், தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தி சென்னைக்கு வந்து, ஜார்ஜ் டவுனில் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன் வீட்டில் தங்கியிருந்தார். அவரைத் தனியாகச் சந்திக்க வேண்டும் என்று வ.உ.சி. கடிதம் எழுதினார். சில நிமிஷம் ஒதுக்குவதாகக் காந்தியிடமிருந்து பதில் வந்தது. நாமாக இருந்தால் அடித்துப் பிடித்து ஓடியிருப்போம். வ.உ.சி. அப்படிச் செய்யவில்லை. தான் பேச வேண்டியது சில நிமிஷத்தில் முடியாது என்றும், தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றும் எழுதிவிட்டார். கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. காந்திதான் மறுபடி எழுதி அவரை வரச் சொன்னார்.

இதற்கு நடுவில் காந்தியே ஒரு விஷயம் கேட்டார். தென்னாப்பிரிக்க நண்பர்கள் அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா? சேரவில்லை. அங்கிருந்து தொடங்கியது அந்தக் கடிதப் போக்குவரத்து. எவ்வளவு பணம், யார் கொடுத்தது என்ற விவரம் காந்தியிடம் முழுசாக இல்லை. நாட்டாலுக்கு எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. வ.உ.சி. மறுபடி எழுதினார். காந்தி பதில் எழுதினார். மாதங்கள் ஓடின.

இந்த இடத்தில் ஒருத்தர் எப்படி நடந்துகொள்வார் என்று யோசிச்சுப் பாருங்க. நாட்டுக்காக எல்லாவற்றையும் இழந்தவர், எனக்குப் பணம் வேண்டாம் என்று கம்பீரமாக எழுதிவிடலாம். படிக்கிறவர்கள் கைதட்டுவார்கள். வ.உ.சி. அப்படி எழுதவில்லை. தன் இப்போதைய நிலையில் இந்தப் பணத்தை வேண்டாம் என்று சொன்னால் அது தனக்கும் தன் குடும்பத்துக்கும் செய்கிற தவறு என்ற பொருளில், ஒளிவு மறைவு இல்லாமல் எழுதினார். தனக்கென்று கொடுத்த பணம், தனக்கு வரவேண்டும். அவ்வளவுதான். அதைக் கேட்பதில் அவருக்கு வெட்கம் இல்லை.

என்னைக் கேட்டால், செக்கிழுத்ததைவிட இது கஷ்டமான காரியம். செக்கில் பூட்டியது எதிரி. அங்கே வைராக்கியம் துணைக்கு வரும். இங்கே எதிரில் இருப்பது மரியாதைக்குரிய ஒரு பெரிய மனிதர். அவரிடம் போய் ஒரு தடவை இல்லை, பல தடவை, என் பணம் என்னாச்சு என்று நினைவுபடுத்த வேண்டும். நம்மகிட்ட 200 ரூபாய் கடன் வாங்கின ஃபிரெண்டுக்கு ஜிபே ரிக்வெஸ்ட் அனுப்பவே நாம எவ்வளவு கூச்சப்படறோம்!

கடைசியில் 1916-ன் தொடக்கத்தில் பணம் வந்தது. 347 ரூபாய் 12 அணா. 16 அணா ஒரு ரூபாய், ஆக 12 அணா என்பது முக்கால் ரூபாய். நெல்லையப்பருக்கு எழுதிய கடிதத்தில் காந்தியிடமிருந்து இந்தத் தொகை வந்ததை அணா உட்படக் குறித்திருக்கிறார். சுதேசிக் கம்பெனியில் ஒரு பங்கு 25 ரூபாய் என்று பார்த்தோம் இல்லையா? இந்தப் பணத்தில் அவர் நடத்திய கம்பெனியிலேயே 14 பங்கு வாங்க முடியாது. இரண்டேகால் ரூபாய் குறையும். பத்து லட்சத்துக்குக் கணக்குப் பார்த்த அதே கை, அதே கவனத்தோடு 12 அணாவுக்கும் கணக்கு எழுதியது.

பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள்

வாங்கியதை மறப்பவராக இருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். வ.உ.சி.யின் இன்னொரு கணக்கு நோட்டு அவர் வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

தென்னாப்பிரிக்காவிலிருந்து குடும்பத்தைத் தாங்கியவர்களில் வேதியப் பிள்ளை என்றொருவர் முக்கியமானவர். தனக்குப் பிறந்த மகளுக்கு வ.உ.சி. வேதவல்லி என்று பெயர் வைத்தார். ஆறுமுகம் பிள்ளை என்றொரு நண்பர் உதவினார். ஒரு மகன் ஆறுமுகம் ஆனான். நன்றிக் கடனைக் காசாகத் திருப்பிக் கொடுக்க வழியில்லாதவர், தினமும் பத்துத் தடவை வாயால் கூப்பிடும்படி அதைப் பெயராக மாற்றிவிட்டார்.

மூன்றாவது பெயர்தான் ஆச்சரியம். சென்னைக்குப் பிறகு கோயம்புத்தூர் போனார், அங்கே ஒரு வங்கியில் வேலை பார்த்தார். மனசு ஒட்டவில்லை. வக்கீல் தொழில் செய்ய மறுபடி அனுமதி கேட்டு மனுப் போட்டார். அவருக்குச் சன்னது திரும்பக் கிடைக்கக் காரணமாக இருந்தவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரக் கம்பெனியோடு கடலில் மோதியவர், வெள்ளைக்கார நீதிபதி கொடுத்த தண்டனையால் குடும்பம் சிதறியவர், இன்னொரு வெள்ளைக்கார நீதிபதியின் பெயரைத் தன் பிள்ளைக்கு வைக்கிறார். எதிர்த்தது ஆட்சியை. நன்றி சொன்னது மனுஷனுக்கு. இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவே இல்லை.

வறுமை என்றதும் அவர் முடங்கிக் கிடந்தார் என்று நினைக்க வேண்டாம். 1914-லும் 1915-லும் 'மெய்யறம்', 'மெய்யறிவு' வந்தன. 1917-ல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். பிறகு தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரை. ஏட்டுச் சுவடியை ஒப்பிட்டுப் பாட பேதம் பார்க்கிற நுணுக்கமான வேலை இது, பைசா தேறாது. சென்னைத் தொழிலாளர் இயக்கத்திலும் இருந்தார். 1920-ல் காந்தியின் ஒத்துழையாமைத் திட்டத்தோடு உடன்பட முடியாமல் காங்கிரசைவிட்டு விலகினார். பணம் வாங்கிக் கொடுத்தவர் என்பதற்காகக் கொள்கையில் தலையாட்டவில்லை. கணக்கு வேறு, கருத்து வேறு.

கடைசிக் கணக்கு

சன்னது திரும்பிய பிறகு கோவில்பட்டியில் வக்கீலாக இருந்தார். 1932-ல் தூத்துக்குடிக்கே திரும்பினார். அவர் கப்பல் விட்ட ஊர். இப்போது அங்கே அவர் வயதான ஒரு வக்கீல், அவ்வளவுதான். வருமானம் போதவில்லை. கடைசிக் காலத்தில் தன் சட்டப் புத்தகங்களையே விற்க வேண்டி வந்தது. வக்கீல் சட்டப் புத்தகத்தை விற்பது என்றால், நாம ஃபைனல் இயரில் லேப்டாப்பை விற்பது மாதிரி. இனி அந்தத் தொழில் இல்லை என்று அர்த்தம்.

சாவதற்கு முன் ஒரு உயில் எழுதினார். சொத்துப் பட்டியல் இருக்கும் என்று நினைத்துப் படிக்கிறவர்களை அந்த உயில் நிறுத்திவிடும். அதில் கடன் பட்டியல் இருக்கிறது. எண்ணெய்க் கடைக்கு இவ்வளவு, ஜவுளிக் கடைக்கு இவ்வளவு, சில்லறைக் கடன் இவ்வளவு என்று கடைக்காரர் பெயரோடு தொகையையும் எழுதிவைத்தார். தான் போன பிறகு யாரும் வந்து வீட்டு வாசலில் நின்று மனைவியிடம் புதிதாக ஒரு கணக்குச் சொல்லக்கூடாது. கொடுக்க வேண்டியதை மறுக்கவும் கூடாது. அந்த உயிலை நான் ஒரு குடும்பக் கடிதமாகத்தான் படிக்கிறேன்.

காங்கிரசைவிட்டு விலகியவர்தான். ஆனால் தன் உயிர் தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் பிரிய வேண்டும் என்று விரும்பினார். அங்கே கொண்டுபோனார்கள். 1936 நவம்பர் 18-ல் அங்கேயே இறந்தார். வயது 64.

அகவற்பாவில் அவர் எழுதிய சுயசரிதை, அவர் இறந்து பத்து ஆண்டு கழித்துத்தான் புத்தகமானது. கடிதங்கள் இன்னும் ரொம்ப நாள் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடிச் சேர்த்து 'வ.உ.சி. கடிதங்கள்' என்று 1984-ல் புத்தகமாகக் கொண்டுவந்தவர் ஆ.இரா. வேங்கடாசலபதி. அப்போது அவர் நம்ம ஃபர்ஸ்ட் இயர் பசங்க வயசுதான், பதின்ம வயது தாண்டவில்லை. பின்னாளில் பெரிய வரலாற்றாசிரியர் ஆனார். அதே வ.உ.சி.யைப் பற்றிய 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற நூலுக்காக 2024-ன் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். செமஸ்டர் பிராஜெக்டைக் கடைசி ராத்திரியில் காப்பியடித்து முடிக்கிற நமக்கு, இருபது வயசுக்குள் எடுத்த ஒரு வேலையை நாற்பது வருஷம் தொடரலாம் என்பதும் ஒரு பாடம்தான்.

இப்போது அவர் பெயரில் எல்லாம் இருக்கிறது. 1972-ல் நூற்றாண்டுக்குத் தபால்தலை வந்தது. 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கே வ.உ.சிதம்பரனார் பெயர் வைத்தார்கள். அந்த ஊரில் அவர் பெயரில் பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. நம்ம புறநகர்ப் பக்கம் வ.உ.சி. தெருவுக்கும் பஞ்சமில்லை.

பார்க்க வேண்டிய ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. தாம்பரத்தில் லோக்கல் ட்ரெயின் ஏறி கிண்டியில் இறங்கினால், சர்தார் படேல் சாலையில் காந்தி மண்டபம். அண்ணா பல்கலைக்கழகத்துக்கு எதிர்ப்பக்கம். சிம்போசியத்துக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் அந்தப் பக்கம் போகாதவர்கள் நம்மில் குறைவு. அந்த வளாகத்தில் வ.உ.சி. இழுத்த செக்கை வைத்திருக்கிறார்கள். காந்தி பெயரில் உள்ள இடத்தில் வ.உ.சி.யின் செக்கு. 347 ரூபாய் 12 அணா கதை தெரிந்தவர்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாக ஏதோ சொல்லும்.

போனால் நின்று பாருங்க. கையால் தள்ளுவது மாதிரி மனசுக்குள் ஒரு தடவை தள்ளியும் பாருங்க. கூடவே இன்னொன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றியவர் வெளியே வந்து இன்னும் 24 வருஷம் வாழ்ந்தார். வீட்டு வாடகை கொடுத்தார், எண்ணெய்க் கடையில் கடன் சொன்னார், குழந்தைக்குப் பெயர் வைத்தார், வரவேண்டிய பணத்தைக் கடிதம் போட்டுக் கேட்டு வாங்கினார். போகும்போது யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்.